கருவிக்கு முன் கேள்வி: பட்டாசு ஊரில் ஒரு நிறமாலைமானிப் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் நிறமாலைமானி வருகிறது. முப்பட்டகத்தின் கோணத்தையும் ஒளிவிலகல் எண்ணையும் அளந்து முடித்ததும் அதை உறையிட்டு மூடிவிடுகிறோம். ஒரு பொருளில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய கருவிகளும் இதே குடும்பம்தான் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. விருதுநகர் மாவட்டத்தில் வேதியியல் கற்பிக்கும் நான், அந்தக் குடும்பத்தை இரண்டு பாடவேளைகளில் அறிமுகப்படுத்துகிறேன். அந்த முறையை இங்கே பகிர்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வருகிறது?

பட்டாசில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகிய ஐந்தும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளையும் தடை செய்தது. பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் பயன்பட்ட பேரியம் நைட்ரேட்டை இங்கே 'பச்சை உப்பு' என்பார்கள். எங்கள் மாணவர் பலரின் வீட்டு வருமானம் இந்த ஆணைகளோடு கட்டுண்டது. ஒரு மாணவி கேட்டாள்: "சார், பச்சை உப்பும் வெள்ளைத் தூள், வெடியுப்பும் வெள்ளைத் தூள். கலந்த பிறகு உள்ளே எது இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

முதல் கருவி: சுடர்

பள்ளி ஆய்வகத்து உப்புகளை மட்டும் கொண்டு சுடர்ச் சோதனை செய்கிறோம். சோடியம் மஞ்சள், ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை. அடுத்து தாமிர உப்பைக் காட்டுகிறேன். அதுவும் நீலப்பச்சை. போரிக் அமிலமும் பச்சைச் சுடர் தரும். "அப்படியானால் பச்சை தெரிந்தால் பேரியம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டால் வகுப்பு யோசிக்கத் தொடங்குகிறது. போதாததற்கு, துளி சோடியம் கலந்தாலும் அதன் மஞ்சள் மற்ற நிறங்களை மறைத்துவிடும். கண்ணுக்கு நிறம் தெரியும், நிறத்துக்குள் இருக்கும் கோடுகள் தெரியாது. கோடுகளைப் பிரிக்கத்தான் நிறமாலைமானி.

தொடக்க வகுப்புகளில் இதையே அட்டைப் பெட்டி, மெல்லிய பிளவு, பழைய குறுந்தகடு கொண்டு காட்டலாம். எல்.இ.டி. விளக்கில் தொடர்ந்த வண்ணப் பட்டை தெரியும், சி.எஃப்.எல். விளக்கில் தனித்தனிக் கோடுகள் தெரியும். சூரியனை மட்டும் நேரே பார்க்க விடாதீர்கள்.

இரண்டாம் கருவி: எக்ஸ் கதிர்

கையில் பிடிக்கும் துப்பாக்கி போன்ற எக்ஸ்.ஆர்.எஃப். கருவி, பொருளின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்துகிறது. அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேற, மேல் கூட்டு எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கும்போது அத்தனிமத்துக்கே உரிய எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. மோஸ்லி 1913இல் கண்ட விதி இங்கே உயிர்பெறுகிறது: அணு எண் கூடக் கூட அந்தக் கதிரின் ஆற்றலும் கூடும்.

தடை செய்யப்பட்ட ஆறு தனிமங்களையும் கரும்பலகையில் எழுதி, "இந்தக் கருவி எதையெல்லாம் காணும்?" என்று கேட்கிறேன். லித்தியத்தின் அணு எண் 3. அதன் எக்ஸ் கதிர் மிக வலுவற்றது, காற்றிலேயே உட்கவரப்பட்டுவிடும். பொதுவாகக் கைக்கருவிகள் மெக்னீசியத்துக்குக் கீழே எதையும் காண்பதில்லை. ஆகவே லித்தியம் தப்பிவிடும்.

பேரியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் எல் கோடு 4.47 கிலோ எலக்ட்ரான் வோல்ட். வெள்ளிப் பொறிகளுக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியத்தின் கே கோடு 4.51. இவ்வளவு நெருங்கிய இரண்டையும் கைக்கருவியின் உணரியால் பிரிக்க இயலாது. பேரியத்தின் கே கோடு 32.2இல் தனியாக நிற்கிறது. அதை எழுப்ப 37.4க்கு மேல் ஆற்றல் வேண்டும். 40 கிலோ வோல்ட் குழாய் அந்த வரம்பை மயிரிழையில்தான் தாண்டும், 50 கிலோ வோல்ட் குழாய் தாராளமாகத் தாண்டும். விலைப்பட்டியலில் ஓர் எண்ணாகத் தெரியும் வோல்ட் அளவின் பொருள் இப்போது மாணவருக்குப் புரிகிறது. ஆர்சனிக், காரீயத்தின் முதன்மைக் கோடுகளும் 10.5 அருகே ஒன்றின்மேல் ஒன்று விழும். காரீயத்தை 12.6இல் தேட வேண்டும்.

லித்தியத்துக்கு என்ன வழி? லேசர் பொறியால் அளக்கும் கருவி அதைக் காணும். "மருந்துமேல பொறி விழலாமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிடும். மருந்தின் ஆபத்தை எங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைசலாக்கிச் சுடர் ஒளிமானியில் அளப்பது ஏற்ற வழி. மண்ணிலுள்ள பொட்டாசியத்தை அளக்க மண் பரிசோதனை நிலையங்களில் பயன்படுவதும் அதே கருவிதான்.

கேள்வி மாறினால் கருவியும் மாறும்

இரண்டாம் பாடவேளைக்கு வேறொரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். பழைய வாகனப் பாகங்களை வாங்கி விற்கும் முன்னாள் மாணவர் ஒருவர், கார்களின் வினையூக்கி மாற்றிகளை வாங்க எந்தக் கருவி ஏற்றது என்று கேட்டிருந்தார். நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் கட்டாயமான பாகம் இது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த மெல்லிய பூச்சு. மூன்றும் சேர்ந்தே சில கிராம்தான் இருக்கும். அளவு சிறிது பிசகினாலும் வாங்குபவருக்கோ விற்பவருக்கோ பெரும் நட்டம்.

குழுக்களிடம் நான்கு கேள்விகளைத் தருகிறேன்: எந்தத் தனிமம்? எவ்வளவு குறைந்த அளவு? கூடவே வேறு என்ன இருக்கிறது? மாதிரி எந்த நிலையில் கிடைக்கிறது? விவாதத்தில் இரண்டு முடிவுகள் எட்டப்படும். எக்ஸ் கதிர்க் குழாயின் இலக்கு உலோகமே ரோடியமாக இருந்தால், அதன் சொந்தக் கோடு மாதிரியின் ரோடியத்தோடு கலந்து குழப்பும். எனவே வேறு இலக்கு கொண்ட கருவி வேண்டும். அடுத்து, எக்ஸ் கதிர் மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. தேன்கூட்டின் முகத்தில் கருவியை வைத்தால் சராசரி கிடைக்காது. முழுவதையும் அரைத்து, சலித்து, கலந்த பிறகே அளக்க வேண்டும். சரியான கருவியும் தவறான மாதிரியில் தவறான விலையைத்தான் சொல்லும்.

மதிப்பிடுதல்

இறுதியில் ஒரு வினா மட்டும்: "பேரியம் இருக்கிறது என்று எக்ஸ்.ஆர்.எஃப். சொல்கிறது. அது பேரியம் நைட்ரேட்டா, பேரியம் சல்பேட்டா?" கருவியால் சொல்ல முடியாது என்று காரணத்தோடு எழுதுபவர் பாடத்தைப் புரிந்துகொண்டவர். நைட்ரேட்டை அறிய நாம் கற்பிக்கும் பழுப்பு வளையச் சோதனை உண்டு என்று தொடர்பவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

இப்பாடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டாசைப் பிரித்தோ, ஆலையிலிருந்தோ யாரும் மருந்து கொண்டுவரக் கூடாது. பாடத்தைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஆர்வம் கூடிய பிறகு சொன்னால் காலம் கடந்திருக்கும்.