கரடி சிறிதாகவே இருக்கட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

ஜூலைக் கடைசியில் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குக் கிளம்பும் கப்பலில் உனக்கு இடம் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கூடவே ஒரு வருத்தத்தையும் எழுதியிருந்தாய். 2025 ஜனவரி முதல் அங்கே பனிக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் என்று நார்வே சட்டம் போட்டுவிட்டதே, இனி நல்ல படம் எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். உன்னிடம் இருப்பது 400 மில்லிமீட்டர் லென்ஸ். இரண்டரை மீட்டர் நீள ஆண் கரடி 300 மீட்டரில் பக்கவாட்டில் நின்றால், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உன் சென்சாரில் அது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விழும். படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீதியெல்லாம் பனியும் கடலும் வானமும். அதை நீ வீண் இடம் என்கிறாய். எனக்கு அதுதான் படம். சீலின் மூச்சுத்துளை ஓரம் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து பசியாறும் விலங்கு அது. படகுச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கினால் அந்த வேட்டை போயிற்று. கேமராவை நேராக முறைக்கும் கரடி முகங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. நம்மைப் பொருட்படுத்தாமல் தன் பனியில் தன் வேலையைப் பார்க்கும் கரடிதான் அரிது. அதைத் தள்ளி நின்றால்தான் எடுக்க முடியும்.

அங்கே நாள் என்பது நம் ஊர் நாள் அல்ல. ஸ்வால்பார்டின் லாங்இயர்பியன் ஊரில் ஏப்ரல் 20 வாக்கில் மேலே வந்த சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறையும். நீ போகும் நேரத்தில் நள்ளிரவில்தான் அது தாழ்ந்து வந்து, பனிமேடுகளில் நீண்ட நிழல் விழும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிவிட்டு, மற்றவர்கள் படுக்கப் போகும்போது மேல்தளத்துக்குப் போ. கரடியைத் தேடும்போது வெள்ளையைத் தேடாதே. பனிக்கு எதிரே அது மங்கிய மஞ்சளாகத் தெரியும். பல நேரம் அந்த மஞ்சள் வெறும் பழைய பனிக்கட்டியாக இருக்கும். தொலைநோக்கியால் அதையே திரும்பத் திரும்பப் பார், நகர்ந்தால் கரடி.

கரடி வராத நாளை வெறும் நாளாக்கிவிடாதே என்று உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன். ஹின்லோப்பன் நீரிணையில் ஆல்கெஃப்யெல்லட் என்ற பாறைச் சுவர் இருக்கிறது. கடலிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் செங்குத்தாக எழும் கருங்கல் தூண்கள். அவற்றின் விளிம்புகளில் சுமார் 60,000 இணை புரூனிக் கில்லமாட் பறவைகள். கூடு கிடையாது, வெறும் பாறையில் ஒற்றை முட்டை. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், சிறகு முழுதாக முளைக்கும் முன்பே, அது அந்த உயரத்திலிருந்து குதிக்கும். தண்ணீரில் விழுந்தால் அப்பாவோடு சேர்ந்து நீந்திக்கொண்டே கடலுக்குப் போய்விடும்; அங்கே வாரக்கணக்கில் அதைப் பேணி வளர்ப்பதும் அந்த அப்பாதான். கரையில் விழுந்தால் கீழே நரி நிற்கும், மேலே பெரிய கடற்காக்கை சுற்றும். உன் கப்பல் போகும் நாட்களில் இந்தக் குதிப்பு தொடங்கியிருக்கும். ரப்பர் படகில் உட்கார்ந்து நூறு அடி தள்ளி ஒரு விளிம்பை மட்டும் தேர்ந்தெடுத்து, அதையே பார்த்துக்கொண்டிரு. மொத்தச் சுவரையும் எடுக்க ஆசைப்பட்டால் கையில் மிஞ்சுவது புள்ளிகள்தான். ஒரு குஞ்சு விளிம்புக்கு வந்து, தயங்கி, பின்வாங்கி, மறுபடி வரும். அந்தத் தயக்கத்தை எடு. நரி குஞ்சைக் கவ்வினால் அதையும் எடு. அதன் குட்டிகளுக்கும் பசிக்கும்.

பறவைகள் வாழும் பாறைச் சுவர்களுக்கு 500 மீட்டருக்குள் கப்பலோ படகோ மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடிய. அடைகாக்கும் பறவைகள் மிரண்டு கும்பலாக எழும்பினால் முட்டைகள் உருண்டு விழும். படகோட்டியை ‘இன்னும் கொஞ்சம் கிட்டே’ என்று ஒருபோதும் கேட்காதே. பத்துப் பேர் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். அந்தப் பத்தில் நீ இருக்கக் கூடாது.

வால்ரஸ் கிடக்கும் கரையில் வழிகாட்டியின் பின்னால் வரிசையாக, பேசாமல் நட. தந்தத்துக்காக மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வேட்டையாடி அங்கே அதை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1952-இல் பாதுகாப்புக் கிடைத்த பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்த கூட்டம் அது.

கருவி பற்றிக் கொஞ்சம். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வை. குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பையில் வைத்து மூடிவிடு, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும். பனியைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்.

ஊர் திரும்பியதும் பத்திரிகைக்காரர்கள் கரடியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். முடியாது என்று சொல். படக்குறிப்பில் இடத்தோடும் தேதியோடும் ‘300 மீட்டருக்கு அப்பாலிருந்து’ என்றும் எழுதி அனுப்பு. முழுப் படமாகப் போடுவதானால் மட்டும் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்