லாரி இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு: சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

ஏர் ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் வார்ப்புக் குழல்தான் இன்டேக் மேனிஃபோல்டு. 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இன்ஜின் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,300 லிட்டர் காற்று இதைக் கடக்கிறது. டர்போ உள்ள வண்டியில் இது அழுத்தப்பட்ட காற்று; ஆகவே வெளியிலிருந்து ஃபில்டர் இழுக்கும் அளவு இதைவிடக் கூடுதல். மணவாள நகர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஓடும் ஜல்லி, எம்.சாண்ட் டிப்பர்களும், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளும் குடிப்பது தூசு நிறைந்த காற்று. இழுவை குறைந்து, கரும்புகை தள்ளி, டீசலும் கூடுதலாகச் செலவாகும்போது, சுத்தம் செய்வது, புதியது போடுவது, பழையது வாங்குவது, பெரிய அளவுக்கு மாற்றுவது என்று நான்கு வழிகள் உரிமையாளர் முன் வருகின்றன.

எதை எதிர்பார்க்கலாம்

டீசல் இன்ஜினின் பலத்தைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு. அதை முழுமையாக எரிப்பது காற்றின் வேலை. ஒரு கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டீசல் இன்ஜின் அதைவிட அதிகக் காற்றோடுதான் எப்போதும் ஓடுகிறது. எனவே காற்று போதுமான அளவு வந்துகொண்டிருக்கும் வண்டியில் மேனிஃபோல்டை அகலமாக்கினால் மட்டும் இழுவை கூடிவிடாது. வழி அடைத்திருந்தாலோ எங்காவது கசிந்தாலோ அதைச் சரிசெய்யும்போது, இழந்த இழுவை திரும்பக் கிடைக்கும்.

இன்ஜினின் அமைப்பையும் பார்க்க வேண்டும். டாடா லாரிகளில் பரவலாக வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் மேனிஃபோல்டு தனி உறுப்பு அல்ல. சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. அதில் மாற்றக்கூடியவை மேல்மூடியும் காற்று நுழையும் வளைவும் மட்டுமே. இதற்கு முழு மேனிஃபோல்டு மாற்றம் என்ற பேச்சே பொருந்தாது.

முதலில் சோதனை

செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்த பிறகு ரப்பர் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டர்போவுக்குப் பின்னுள்ள இணைப்பில் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய தூசும் கறுப்புக் கோடாகத் தெரிந்தால், அங்கே காற்று வெளியேறுகிறது. சுமை ஏறும்போது விசில் சத்தமும் கேட்கும். டர்போவுக்கு முன்னுள்ள ஹோஸில் விரிசல் என்றால் ஆபத்து பெரிது. அந்த வழியாக வடிகட்டாத தூசு உள்ளே போய் டர்போவின் இறக்கைகளையும் லைனரையும் ரிங்குகளையும் தேய்த்துவிடும். இன்டர்கூலர் பாதையை அடைத்து, டர்போ தரும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் கம்ப்ரஸர் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

இன்டர்கூலரின் துடுப்புகளுக்கிடையே மண் அடைத்திருந்தாலும் இழுவை குறையும். அழுத்தம் மாறாமல் 150 டிகிரி காற்று 60 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் அடர்த்தி கால் பங்குக்கு மேல் கூடுகிறது. திருவள்ளூர் வட்டாரத்து மே மாத வெயிலில் இந்தக் குளிர்ச்சி இன்னும் முக்கியம்.

கழற்றிச் சுத்தம் செய்தல்

எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். அமைப்புள்ள இன்ஜின்களுக்கு இது முதல் தேர்வு. புகைக்கரியும் கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் போல் படிகின்றன. 60 மி.மீ. துளையில் சுற்றிலும் 5 மி.மீ. கரி படிந்தால் வழி 50 மி.மீ. ஆகிறது, பரப்பளவில் 30 சதவீதம் போய்விடுகிறது. ஈ.ஜி.ஆர். இல்லாமல், டி.இ.எஃப். திரவம் ஊற்றும் எஸ்.சி.ஆர். முறை மட்டும் உள்ள இன்ஜின்களில் இந்தப் படிவு மிகவும் குறைவு.

கரியை இளக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினியத்தை அது அரித்துவிடும். எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டாதது அலுமினியம், அதற்குக் கரி நீக்கும் கரைசலும் நைலான் பிரஷும் போதுமானவை. மேனிஃபோல்டு வெளியே இருக்கும் நேரம் முழுவதும் ஹெட்டின் துளைகள் மூடியிருக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு கரித்துண்டோ துணியோ வால்வைக் கெடுத்துவிடும்.

புதிய கம்பெனி பாகம்

விரிசல், உடைந்த காது, வளைந்த ஃபிளேஞ்ச் ஆகியவற்றுக்குச் சுத்தம் செய்வது தீர்வாகாது. சென்சார், ஈ.ஜி.ஆர். இணைப்பு, போல்ட் துளை எல்லாம் அப்படியே பொருந்த வேண்டிய பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குக் கம்பெனி பாகமே பாதுகாப்பானது. விலை கூடுதல்தான். ஆனாலும் பொருந்தாத பாகத்தால் வண்டி நாள்கணக்கில் நின்றால் வாடகை இழப்பு அதைத் தாண்டிவிடும்.

பழைய பாகம்

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய பாகம் பழைய லாரிகளுக்குச் சிக்கனமான வழி. வாங்குமுன் ஃபிளேஞ்சின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்க வேண்டும். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வெளியே சாக்பீஸ் பூசினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். பற்றவைத்த தழும்புள்ள அலுமினிய மேனிஃபோல்டைத் தவிர்ப்பது நல்லது.

பெரிய அளவு, பட்டறைத் தயாரிப்பு

டீசல் அளவையும் டர்போவையும் கூட்டிய பந்தய வண்டிகளுக்கு அகலமான மேனிஃபோல்டு பயன்படும். சரக்கு லாரிக்கு அது வீண் செலவு. தகட்டை வெட்டிப் பற்றவைத்த மேனிஃபோல்டில் ஆறு சிலிண்டருக்கும் காற்று சமமாகப் பிரியும் என்பதற்கு உறுதியில்லை. காற்று குறையும் சிலிண்டர் கரும்புகை தள்ளும். பற்றவைப்புச் சூட்டில் ஃபிளேஞ்ச் வளையும். இன்ஜின் அதிர்வில் மூட்டு பிளக்கும்.

ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பது மேம்பாடு ஆகாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்குப் புறம்பான மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அடைத்த வண்டி வெளியிடும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு சாலையோரத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

எதற்கு எது

இழுவை குறைந்து கசிவும் தெரிந்தால் ஹோஸும் கிளாம்பும். கசிவு இல்லாமல் ஈ.ஜி.ஆர். இருந்தால் சுத்தம். விரிசலோ வளைவோ இருந்தால், புதிய வண்டிக்குக் கம்பெனி பாகம், பழைய வண்டிக்குச் சோதித்து வாங்கிய பழைய பாகம். எதைத் தேர்ந்தாலும் கேஸ்கட் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்களை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சுமையோடு ஓட்டிப் பார்த்து, புகைப் பரிசோதனையும் செய்துகொண்டால், செலவழித்த பணம் சரியான இடத்துக்குப் போனதா என்று தெரிந்துவிடும்.