கூடிப் பேசினால் குடி நிற்குமா?

கேள்வி: என் தம்பி ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, இப்போது குடிப்பதில்லை. 'ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன்' என்கிறான். குடித்தவர்கள் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது?
– வாசகி, ஓசூர்

பதில்: அவசியம் போகட்டும், சகோதரி. ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது ஏ.ஏ. எனப்படும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு. கட்டணம் கிடையாது; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. சம்பள நாளில் அறைத் தோழர்கள் கூப்பிடும்போது எப்படி மறுப்பது என்பதை, மறுத்துப் பழகியவரால்தான் சொல்லித்தர முடியும். மனம் தடுமாறும் நேரத்தில் போன் செய்யவும் ஓர் ஆள் கிடைக்கிறார். இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல என்று, 27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2020-ல் சொன்னது.

ஆனால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' கூட்டங்கள் உண்டு, நீங்களும் போங்கள். மனச்சோர்வு வாட்டினால் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தம்பி ஒருமுறை சறுக்கினாலும் திட்டாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அனுப்பி வையுங்கள்.