உடல்நலப் பாடம்: தாதியின் கேள்விகளும் நமது விடைகளும்



கடைக்குச் சரக்கு வந்திறங்கினால், பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகே கையொப்பமிடுகின்றோம். ஆனால், பலதுறை மருந்தகத்தில் தாதி நம் உடம்பின் கணக்கைப் பார்க்க முற்படும்போது, "டாக்டரைப் பார்த்தால் போதும், கடையில் ஆளில்லை" என்று நம்மவரில் பலர் எழுந்துவிடுகின்றனர். இந்த அவசரத்தால் வரும் நட்டத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு நீரிழிவுக்கு எதிரான போர் அறிவிக்கப்பட்டது. அந்நோய்க்காகப் பலதுறை மருந்தகம் செல்வோரைத் தாதியரும் தனியே அமர்த்திப் பரிசோதித்து அறிவுரை கூறுகின்றனர். மருத்துவமனையில் படுத்திருப்பவரைத் தாதியர் இரவு பகலாகக் கவனிப்பர். வெளிநோயாளியோ சில நிமிடங்கள் மட்டுமே தாதியின் முன் அமர்கிறார். அடுத்த முறை வரும்வரை அவர் உடம்பு அவர் பொறுப்பிலேயே இருக்கின்றது. ஆகையால் அந்தச் சில நிமிடங்களில் நாம் சொல்லும் உண்மையே சிகிச்சைக்கு அடிப்படை.

முதலாவது, இரத்த அழுத்தம். ஓடி வந்து மூச்சு வாங்கும்போதே கையை நீட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் அமைதியாக அமர வேண்டும். அதற்கு முந்திய 30 நிமிடத்தில் காப்பியும் சிகரெட்டும் கூடாது. அளக்கும்போது பேசலாகாது, தொலைபேசியில் விலை பேசுவதும் இதில் சேரும்.

இரண்டாவது, மருந்து. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு மரியாதைக்காக "ஆம்" என்று சொல்லிவிடுவோர் உண்டு. சர்க்கரையின் இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை இருக்கின்றது. அதில் அளவு ஏறியிருந்து, நாமும் "விடாமல் சாப்பிட்டேன்" என்று சொன்னால், மருந்து போதவில்லை என்றெண்ணி டாக்டர் அளவைக் கூட்டக்கூடும். பிறகு அதை முழுதாகச் சாப்பிடும் நாளில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். விட்டது விட்டதென்று சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம் முதலியவற்றையும் மறைக்காதீர்கள்.

மூன்றாவது, கால். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இச்சோதனை வேண்டும். தாதி 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து, உணர்ச்சி இருக்கின்றதா என்று கேட்பார். பாதத்தின் நாடித்துடிப்பையும் பார்ப்பார். காலுறையைக் கழற்றக் கூச்சம் வேண்டா. நாள் முழுதும் நின்று வியாபாரம் செய்யும் நமக்கு இது மிக முக்கியம். நரம்பு மரத்த காலில் செருப்புக் கடித்தாலும் ஆணி குத்தினாலும் வலி தெரியாது. வலியில்லாத புண் கவனிப்பாரற்று அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். புண்ணில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்பாமல் உடனே தாதியிடம் காட்டுங்கள்.

நான்காவது, நோன்பு. நீரிழிவுள்ளோர் ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருந்தகம் சென்று, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ 16.6-க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ நெறி.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது, சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வீட்டில் எடுத்த அளவுகளைத் தேதியுடன் குறித்துச் செல்லுங்கள். புரியாததைத் திரும்பக் கேளுங்கள். நம் கடைப் பணியாளருக்குத் தவணை வந்தால் அவர்களுக்கும் அரைநாள் விடுங்கள். அரைநாள் வியாபாரத்தை மறுநாள் பிடித்துவிடலாம். போன கால் மீண்டும் வராது.