இன்வெர்ட்டர் பேட்டரி: காலியாகப் போடாதீங்க, காய விடாதீங்க!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தையல் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "குழுவுல 15,000 ரூபாய் கடன் வாங்கி பேட்டரி போட்டேன். ஒன்றரை வருசம்தான் ஆச்சு. இப்ப கரண்டு போனா பத்து நிமிசம்கூட நிக்க மாட்டேங்குது. புதுசுதான் வாங்கணுமாம். பழைய கடனே இன்னும் ஆறு தவணை பாக்கி" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா, "பேட்டரி செத்துப் போச்சு, கடன் மட்டும் உயிரோட இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் தவணை கட்டுகிறவருக்குத்தானே வலி தெரியும்?

மெல்ல விசாரித்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் பிறந்த வீட்டில் இருந்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கரண்டு இல்லாமல் பேட்டரி சுத்தமாகக் காலி. காலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டாவது, தண்ணி குறைந்தபோது குழாய்த் தண்ணியை ஊற்றியிருக்கிறார். "தண்ணிதானேன்னு நினைச்சேன்" என்றார்.

இந்த இரண்டு தவறையும் நம்மில் பலர் செய்கிறோம். அதனால் இந்த மாதப் பாடம் பேட்டரி பற்றியது.

பேட்டரிக்குள் என்ன நடக்குது?

வீட்டில் வைக்கும் பெரிய 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையும் சுமார் 2 வோல்ட் கொடுக்கும். அறைக்குள் ஈயத் தகடுகள் இருக்கும். அவை தண்ணீர் கலந்த கந்தக ஆசிட்டில் மூழ்கியிருக்கும். நாம் மின்சாரம் எடுக்கும்போது ஆசிட்டில் உள்ள சத்து தகட்டில் போய்ப் படியும். சார்ஜ் ஏறும்போது அது மறுபடி கரைந்து ஆசிட்டுக்கே திரும்பும்.

கஞ்சி வடித்த பாத்திரத்தை உடனே கழுவினால் ஒரு தேய்ப்பில் போய்விடும். இரண்டு நாள் காயப்போட்டால்? சுரண்டினாலும் போகாது. பேட்டரியும் அப்படித்தான். காலியானதும் சார்ஜ் ஏற்றினால் படிவு கரைந்துவிடும். நாள் கணக்கில் அப்படியே போட்டால் இறுகிக் கெட்டியாகிவிடும். அந்த இடம் பிறகு வேலை செய்யாது. அந்தச் சகோதரியின் பேட்டரி இரண்டு மாதம் காயப்போட்ட பாத்திரமாகிவிட்டது.

எவ்வளவு எடுக்கலாம்?

பாதிக்கு மேல் காலி பண்ணாமல் இருப்பது நல்லது. அடிக்கடி அடிமட்டம் வரை எடுத்தால் ஆயுள் குறையும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பேட்டரியில் 150 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், 150 × 12 = 1,800 வாட் மணி. அதில் பாதி 900. இன்வெர்ட்டரில் வீணாவது போக சுமார் 700 என்று வையுங்கள். ஒரு ஃபேன் 75 வாட், இரண்டு எல்இடி பல்பு 18 வாட், மொத்தம் 93. புது பேட்டரியானால் ஏழு மணி நேரம் போல ஓடும். கூடவே 100 வாட் தையல் மோட்டார் போட்டால் மூன்றரை மணி நேரம்தான். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் இவற்றை இன்வெர்ட்டர் லைனில் போடவே வேண்டாம்.

பேட்டரி குறைந்தால் இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்தும். அதைக் கேட்டதும் ஃபேனை நிறுத்துங்கள், ஒரு விளக்கு போதும். தானாக அணைந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஐந்து நிமிடம் எரியும். "பாத்தியா, இன்னும் இருக்கு" என்று மறுபடி மறுபடி போடுவோம். அது அடிப்பானையைச் சுரண்டுகிற வேலை.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, டெல்டா கிராமங்களில் பல நாள் கரண்டே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் ராத்திரியே எல்லாவற்றையும் ஓடவிடாமல், ஒரு விளக்கு, செல்போன் சார்ஜ் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியும் தப்பும், நமக்கும் உதவும்.

சார்ஜ் ஏற்றுவது எப்படி?

• கரண்டு வந்ததும் சார்ஜ் ஏறட்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம். முழுக்கக் காலியான பேட்டரி நிறைய 10 முதல் 12 மணி நேரம் வரை ஆகலாம்.

• பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் முன்பக்க சுவிட்சை அணைத்தாலும், மெயின் கரண்டு இருந்தால் சார்ஜ் ஏறும். நிறைந்ததும் அதுவே குறைத்துக்கொள்ளும். சிக்கனம் என்று பிளக்கைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

• வெளியூர் போவதானால் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டுப் போங்கள். மெயினை அணைக்கத்தான் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை விட்டு பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். சும்மா இருந்தாலும் சார்ஜ் குறையும். மாதம் ஒருமுறை யாராவது சார்ஜ் போட ஏற்பாடு செய்யுங்கள்.

• எமர்ஜென்சி லைட்டுக்கும் இதே விதிதான். அணைந்துபோன லைட்டைப் பரண் மேல் போட்டால் அடுத்த மழைக்கு எரியாது.

தண்ணி விஷயம்

சார்ஜ் ஏறும்போது தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகப் போய்விடும். தகடு வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காய்ந்து கெடும். மாதம் ஒருமுறை மிதவையைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கவிடாமல் பச்சைக் கோடு வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணி, போர் தண்ணியில் உப்பு இருக்கிறது. கேன் தண்ணியும் கூடாது. குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. அதனால் ஆசிட் வாங்கி ஊற்றாதீர்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை. தகடு தெரிகிற அளவு குறைந்திருந்தால், முதலில் தகடு மூழ்க மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏறிய பின் மீதியை ஊற்றுங்கள்.

உயிருக்கு ஜாக்கிரதை

• சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கும். பேட்டரி பக்கத்தில் சாமி விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு, பீடி கூடாது. காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பீரோ, அலமாரிக்குள் மூடி வைக்கக் கூடாது.

• வெயில் படும் இடம் வேண்டாம். சூடு கூடக்கூட பேட்டரியின் ஆயுள் குறையும்.

• பேட்டரி மேல் கத்தரிக்கோல், கரண்டி, சாவி எதையும் வைக்காதீர்கள். இரண்டு முனையையும் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

• தண்ணி ஊற்றும் முன் இன்வெர்ட்டரையும் மெயினையும் அணையுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை போடுங்கள். வளையலைக் கழற்றி, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

• ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவியபின் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்.

• முனையில் வெள்ளை அல்லது பச்சைப் பூ பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவித் தருவார்.

இந்தப் பாடம் தண்ணி ஊற்றும் பேட்டரிக்கு. மூடி திறக்க முடியாத பேட்டரியையும் லித்தியம் பேட்டரியையும் திறக்க முயலாதீர்கள். அவற்றுக்குக் கூட வந்த புத்தகத்தில் சொன்னபடி செய்யுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ஈயம் விஷம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டில் உடைக்கவோ, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றவோ கூடாது. புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

நம் கணக்கு

15,000 ரூபாய் பேட்டரி 18 மாதத்தில் போனால் மாதச் செலவு 833 ரூபாய். நன்றாகப் பார்த்துக்கொண்டு ஐந்து வருசம் உழைத்தால் மாதம் 250 ரூபாய்தான். மிச்சம் 583 ரூபாய். பல குழுக்களில் அது மாதச் சேமிப்பை விட அதிகம் இல்லையா?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது? கடைசியாக எப்போது தண்ணி பார்த்தார்கள்?
2. பேட்டரி வைத்த இடத்தில் காற்று வருகிறதா? பக்கத்தில் விளக்கு எரிகிறதா?
3. மாதக் கூட்டம் நடக்கும் நாளையே 'பேட்டரி பார்க்கும் நாள்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அந்தத் தையல் சகோதரி தவணையைத் தவறாமல் கட்டி வருகிறார். அடுத்த பேட்டரி வாங்கும்போது சுவரில் தேதி எழுதி வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். நாம் இன்றைக்கே எழுதி வைப்போம்.