டூலிப் மலர்க் காட்சி

ஐரோப்பாவின் வடமேற்கே, கடலோரத்தில் அமைந்த சிறு நாடு நெதர்லாந்து. அங்கே குளிர்காலம் நெடியது. பகல் குறுகி, வானம் ஈயம் போல மங்கிக் கிடக்கும். இளவேனிலின் வெயில் தலைகாட்டியதும் மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியே புறப்படுகின்றனர். அவ்வாறு புறப்படுவோர் பலர் நாடிச் செல்லுமிடம் லிஸ்ஸே என்னும் சிற்றூர். அவ்வூரிலேதான் கூக்கன்ஹாப் என்னும் மலர்ச்சோலை உள்ளது.

ஆம்ஸ்டர்டாம் நகரினின்று அவ்வூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. காலையில் சென்று மாலையில் மீளலாம். ஏப்ரல் நடுவில் செல்வோர்க்கு வழியே ஒரு விருந்தாகும். கால்வாய்களும் மேய்ச்சல் நிலங்களும் கடந்ததும், திடீரெனச் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக நீண்ட பட்டைகள் தோன்றுகின்றன. பட்டுச் சேலைகளைத் தரைமீது விரித்து உலர்த்தியது போன்ற அத்தோற்றம், டூலிப் வயல்களே.

கூக்கன்ஹாப் என்றால் சமையலறைத் தோட்டம் என்பது பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் அருகிருந்த கோட்டைக்குக் காயும் கனியும் தந்த நிலமாம் அது. இன்று 32 ஹெக்டேர் பரப்பில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 இலட்சம் கிழங்குகள் அங்கே நடப்படுகின்றன. நடுவது பொறியன்று, மனிதர் கையே! டூலிப் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போன்றது. இலையுதிர் காலத்தில் மண்ணில் இட்டு, குளிரில் பல வாரம் கிடந்தால்தான் அது செவ்வனே பூக்கும். நம் சமவெளியில் அம்மலரைக் காணாமைக்கு இதுவே காரணம். தோட்டக்காரர் ஒரே குழியில் கிழங்குகளை அடுக்கடுக்காக நடுவதும் உண்டு. முன்னே பூக்கும் குரோக்கஸ் மேலடுக்கிலும், பின்னே பூக்கும் டூலிப் அடியிலும் அமையும். ஒன்று வாட மற்றொன்று மலர்வதால், சோலை திறந்திருக்கும் எட்டு வாரமும் பாத்திகள் வெறுமையுறுவதில்லை.

சோலையினின்று வயற்புறம் சென்றவர் ஒரு விந்தையைக் கண்டு திகைப்பர். நன்கு மலர்ந்த பூக்களின் தலைகளையெல்லாம் உழவர் கொய்து எறிகின்றனர்! பூவைக் கொய்துவிட்டால் இலைகள் ஆக்கும் உணவு விதைக்குச் செல்லாது கிழங்கில் சேர்ந்து அதனைப் பருக்கச் செய்யும். அவர்கள் விற்பது மலரையன்று, கிழங்கையே. காண்போர்க்குத் திருவிழாவாக விளங்கும் அவ்வயல் உழவர்க்கு விளைநிலம், அவ்வளவே.

டூலிப் அந்நாட்டிற்குரிய மலரன்று. நடு ஆசியாவின் மலைச்சரிவுகளில் முளைத்துத் துருக்கியர் அரண்மனைத் தோட்டங்களில் சிறந்து, பின்னரே மேற்கே சென்றது. 1593-இல் லைடன் பல்கலைக்கழகத்திற்கு வந்த குளூசியஸ் என்னும் தாவர அறிஞர் அங்கே அதனை வளர்த்தார். நாற்பதாண்டுகளுக்குள் அம்மலர் மோகம் நாட்டையே பற்றிக்கொண்டது. தீப்பிழம்பு போன்ற கோடுகள் படர்ந்த பூக்களுக்குப் பெரும்பொருள் கொடுத்தனர். 1637-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விலை சரிந்தது. அக்கோடுகள் செடிப்பேனால் பரவிய நச்சுயிரி நோயின் விளைவே என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. நோயுற்ற செடிக்கு நோயற்றதைவிட மிகுந்த விலை!

விலை போகாத காலமும் வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944–45-இல், நாட்டின் மேலைப்பகுதி செர்மானியர் பிடியில் இருந்தது. உணவு வரும் வழிகள் அடைபட்டன; கால்வாய்கள் உறைந்தன. ஏறத்தாழ 20,000 பேர் பசியால் மடிந்தனர். அப்போது மக்கள் டூலிப் கிழங்கை உண்டனர். நடுவிலுள்ள மஞ்சள் முளை தீங்கு செய்வது, ஆதலின் கிழங்கைப் பிளந்து, அதனைக் களைந்து, எஞ்சியதை வேகவைத்தனர், மாவாக்கியும் உண்டனர். சுவைக்காக எவரும் அதனைத் தொடவில்லை. அன்று சிறுவராயிருந்து அதனை உண்டவர்கள் பின்னாளில் தம் பேரர்களோடு இச்சோலைக்கு வந்து நின்றபோது, பிறர் காணாத ஒன்றையும் அம்மலர்களில் கண்டிருப்பர்.

போர் ஓய்ந்து நான்கே ஆண்டுகளில், 1949-இல், கிழங்கு வளர்ப்போரும் வணிகரும் சிலர் கூடி, தம் மலர்களை ஓரிடத்தே காட்டத் திட்டமிட்டனர். 1950-ஆம் ஆண்டு இளவேனிலில் சோலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலாண்டிலேயே இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர்.

மாலையில், நெடிய பீச் மரங்களின் நிழல் ஓடைமீது சாயும் வேளையில், பார்வையாளர் வாயிலை நோக்கி நடக்கின்றனர். சிலர் கிழங்குக் கடைமுன் நின்று தமக்குப் பிடித்த மலரின் பெயரை எழுதிக் கொடுக்கின்றனர். அன்றே கிழங்கைப் பெற இயலாது. அது மண்ணுக்குள் அல்லவோ இருக்கிறது! கோடையில் அகழ்ந்து, உலர்த்தி, இலையுதிர் காலத்தில்தான் அவர்தம் இல்லம் வந்து சேரும்.