செய்தி வாசிக்கப் போறீங்களா?

போன வாரம் பிரேயரில் நான் செய்தி வாசித்தது கடைசி வரிசைக்கு ஒண்ணுமே புரியலையாம். பேப்பரில் இருந்ததை அப்படியே படித்ததுதான் தப்பு. பேப்பரைத் திரும்பப் படிக்கலாம். காதில் விழுந்தது ஒரு தடவைதான். அதனால் வானொலி, டி.வி. செய்திக்குத் தனி முறை உண்டு:

1. ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம்.
2. சொன்னவர் யார் என்பது முதலில் வரணும்.
3. 98,765 என்பதை 'சுமார் ஒரு லட்சம்' என்றால் போதும்.
4. முன்னாடியே வாய்விட்டுப் படிங்க. மூச்சு முட்டினால் வாக்கியத்தை வெட்டுங்க.

ஆனால் புயல் எச்சரிக்கையில் ஊரும் நேரமும் மாறவே கூடாது. மாறினால் மீனவர் உயிருக்கே ஆபத்து!

பிளஸ் டூவுக்குப் பிறகு இதழியல் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கலாம். பட்டம் பெற்றவர்களுக்கு, டெல்லியில் 1965-இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் இருக்கு.

நாளைக்கு மறுபடி வாசிக்கிறேன். கடைசி வரிசை, கேட்டுட்டுச் சொல்லுங்க!